சாந்த்ராகாச்சி ஏரியும் ஆகாயத்தாமரையும்

ஹவுரா மாவட்டத்தில், சாந்த்ராகாச்சி இரயில் நிலையத்தை ஒட்டி ஓர் ஏரி உள்ளது. சென்னைக்குச் செல்லும் இரயில்கள் சில இந்நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன. தென்கிழக்கு இரயில்வேக்கு உரிய இவ்வேரியை வங்காளியர் 'ஜீல்' என்பர். குளிர்காலந்தோறும் நீர்ப்பறவைகள் இங்குத் திரளாக வந்து தங்குகின்றன. ஊசிவால் வாத்து, கருவால் வாத்து முதலியன இமயத்திற்கு அப்பாலிருந்து வருவன. எனினும், எண்ணிக்கையில் மிகுந்தவை சீழ்க்கைச் சிறகிகளே. பறக்கும்போது சீழ்க்கையடிப்பது போல ஒலி எழுப்புவதால் அவை இப்பெயர் பெற்றன.

சீழ்க்கைச் சிறகி பெரும்பாலும் இரவில் இரை தேடும்; பகலில் கூட்டமாக ஓய்வெடுக்கும். நாய்களும் மனிதரும் நெருங்க இயலாத இடம் அதற்குத் தேவை. ஏரியில் மிதக்கும் ஆகாயத்தாமரைத் திட்டுகள் அத்தகைய இடத்தைத் தருகின்றன. ஆனால், அதே செடிதான் ஏரிக்குப் பெரும் பகையுமாகிறது.

ஆகாயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்கா. அதன் ஊதா நிறப் பூக்கள் கண்ணைக் கவர்பவை. அதன் பெருக்கமோ அச்சம் தருவது. ஏற்ற சூழலில் இரண்டே வாரங்களில் இருமடங்காகப் பரவும். வங்காளத்தின் நீர்வழிகளையும் வயல்களையும் அது அடைத்துக்கொண்டதால், அதனை ஒழிப்பதற்கென்றே 1936இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒரு செடிக்காகச் சட்டம் இயற்றுவது எங்கும் காணும் செய்தியன்று! இச்செடி ஏரி முழுவதையும் மூடிவிட்டால் கதிரவன் ஒளி நீருக்குள் புகாது, நீரில் ஆக்சிஜன் குறையும், மீன்கள் வாடும். வாத்துகள் இறங்கி நீந்தவும் இடமிராது.

ஆகவே, செடிகளை அடியோடு அகற்றினாலும் பறவைகளுக்குத் தங்க இடமில்லை. அகற்றாமல் விட்டாலும் இடமில்லை. பறவைகள் வருமுன்னரே பெரும்பகுதியை அகற்றி, ஏரியின் நடுவே சில திட்டுகளை மட்டும் விட்டுவைப்பதே இங்குக் கையாளப்படும் முறை. தன்னார்வலர்களும் இப்பணியில் பங்கேற்றுள்ளனர். அகற்றிய செடிகளைக் கரையிலேயே குவித்துவிடுவதும் தவறு. அவை அழுகி, அவற்றின் சத்து மீண்டும் ஏரியிலேயே கலக்கும்.

இவ்வளவு செய்தும் செடி ஆண்டுதோறும் ஏன் பெருகுகிறது? சுற்றியுள்ள குடியிருப்புகளின் கழிவுநீர் ஏரியில் கலப்பதே முதன்மைக் காரணம். கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் செடிக்கு உரமாகின்றன. ஏரியின் மாசு குறித்த வழக்கை விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்குமாறு பணித்தது. கழிவுநீர் கலப்பது நிற்கும்வரை, ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்திற்கு முன் ஆகாயத்தாமரையை அகற்றும் வேலையும் நிற்காது.