எலுமிச்சை பிழிந்தால் மீன் வெந்துவிடுமா?

தாய்லாந்து நாட்டின் வடகிழக்குப் பகுதிக்கு 'ஈசான்' என்று பெயர். எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருக்கிறதா? வீட்டின் வடகிழக்கு மூலையை நம் தாத்தா, பாட்டி 'ஈசானிய மூலை' என்பார்களே, அதே சொல்தான்! இரண்டுமே சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தவை.

ஈசான் மக்களுக்கு மிகவும் பிடித்த உணவு, 'கோய் பிளா'. குளம், ஏரிகளில் பிடித்த சின்னச் சின்ன மீன்களைப் பச்சையாகவே கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், மூலிகைத் தழைகள் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள். அடுப்பே தேவையில்லை. எலுமிச்சைச் சாறு பட்டதும் மீனின் சதை வெந்தது போல வெளுத்துவிடும். ஆனால், அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு எதிரி மட்டும் சாவதில்லை. அதுதான் கல்லீரல் புழு!

மூன்று வீடு மாறும் புழு

இந்தப் புழுவின் முதல் வீடு, நத்தை. நோயுள்ள மனிதரின் மலத்தோடு வெளியேறும் புழுவின் முட்டைகள் தண்ணீரில் கலக்கின்றன. அவற்றை ஒரு வகைக் குட்டி நத்தை தின்கிறது. நத்தைக்குள் முட்டை பொரிந்து, ஒன்று பலவாகப் பெருகுகிறது. பிறகு வாலுள்ள இளம்புழுக்கள் வெளியே நீந்தி வருகின்றன.

இரண்டாவது வீடு, கெண்டை இன மீன். இளம்புழு மீனின் உடலைத் துளைத்து நுழைகிறது. வாலை உதிர்த்துவிட்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு சதைக்குள் காத்திருக்கிறது. இது நம் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது வீடு, மீனைப் பச்சையாகத் தின்னும் மனிதன், பூனை அல்லது நாய். நம் இரைப்பையில் இருக்கும் அமிலத்தையே தாங்கிக்கொள்ளும் கூடு அது. எலுமிச்சைச் சாறு எம்மாத்திரம்! குடலுக்கு வந்ததும் கூட்டை விட்டு வெளியேறும் புழு, கல்லீரலின் பித்தநீர்க் குழாய்க்குள் குடியேறுகிறது. வளர்ந்த புழு 7 மில்லிமீட்டர் நீளத்தில், குட்டி இலை போலத் தட்டையாக இருக்கும். 10 ஆண்டுகள் கூட உயிர் வாழும்!

பெரும்பாலானவர்களுக்கு வலியோ காய்ச்சலோ இருக்காது. ஆனால், பல ஆண்டுகளாகப் புழு உறுத்திக்கொண்டே இருப்பதால், அந்தக் குழாயில் புற்றுநோய் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இந்தப் புழு புற்றுநோயை உண்டாக்கும் என்று 1994-ல் அறிவித்தது.

ஈசானில் உள்ள கோன் கேன் பல்கலைக்கழகத்தில் நரோங் குந்திகியோ என்றொரு அறுவை சிகிச்சை மருத்துவர் பணியாற்றினார். அவருடைய அப்பா, அம்மா இருவருமே இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள். அதனால் அவர் ஊர் ஊராகப் போய் ஸ்கேன் பரிசோதனை செய்ததோடு, பச்சை மீன் வேண்டாம் என்றும் எடுத்துச் சொன்னார்.

மாத்திரை இருக்கிறதே!

'பிராசிகுவாண்டல்' என்ற மாத்திரை இந்தப் புழுவைக் கொன்றுவிடும். அப்புறம் என்ன கவலை என்கிறீர்களா? மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடியும் பச்சை மீன் சாப்பிட்டால், புழுவும் மறுபடி வந்துவிடும்.

அதனால்தான் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பஞ்சோப் ஸ்ரீபா குழுவினர், லாவா என்ற ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் 2007-ல் புது முயற்சி தொடங்கினர். மாத்திரை கொடுத்ததோடு நிற்கவில்லை. வீடு வீடாக விளக்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடமாகச் சொல்லித் தந்தார்கள். ஏரியையும் கவனித்தார்கள். தொடக்கத்தில் அந்த ஏரியின் சில வகை மீன்களில் 70 சதவீதம் வரை இந்தப் புழு இருந்தது. சில ஆண்டுகளில் அது 1 சதவீதத்துக்கும் கீழே குறைந்தது!

நாம் என்ன செய்யலாம்?

நம் வீட்டு மீன் குழம்பு நன்றாகக் கொதித்து வருவது. அதைப் பயமில்லாமல் சாப்பிடலாம். வறுவல், பொரியலில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. மேலே முறுகலாக இருந்தால் போதாது. நடுச் சதையும் வெந்து, முள்ளை விட்டுச் சுலபமாகப் பிரிய வேண்டும். பச்சை மீன் நறுக்கிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வேறு எதையும் நறுக்கக் கூடாது. திறந்தவெளியில், குறிப்பாகக் குளம், ஏரிக்கரையில் மலம் கழிக்கக் கூடாது. முட்டை தண்ணீருக்கே போகாவிட்டால், புழுவுக்கு முதல் வீடு கிடைக்காது அல்லவா?