முறிந்த கையும் நின்ற தறியும்

சென்னிமலைப் பகுதியில் படுக்கை விரிப்பு நெய்யும் உறுப்பினர் ஒருவரை அண்மையில் அவர் இல்லத்திலேயே கண்டு வந்தோம். சென்ற ஆவணியில் சங்கத்தில் நூல் வாங்கிக்கொண்டு இருசக்கர வண்டியில் வீடு திரும்புகையில் சறுக்கி விழுந்து, வலது முன்கையின் இரண்டு எலும்புகளும் முறியப் பெற்றவர் அவர். தம் பெயரைக் குறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நெசவாளருக்கும் உழவருக்கும் கையே முதலாதலின், அந்தக் கை மீண்ட வரலாற்றை உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

விழுந்த அன்றே வீட்டில் வாதம் எழுந்தது. கட்டுப் போடுபவரிடம் போகலாம் என்றார் பெரியவர் ஒருவர். புத்தூர்க் கட்டின் பெயரை அறியாதார் நம் நாட்டில் இல்லை. விலகாத சிறு முறிவுகள் கட்டினாலேயே கூடிவிடுவதும் உண்மையே. ஆனால் வளர்ந்தவர்க்கு முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்து விலகினால், வெளிக்கட்டு அவற்றை நேராக நிறுத்துவது அரிது. வீங்கும் கையை மூங்கில் தப்பை வைத்து இறுக்கிவிட்டாலோ, இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை செத்து, விரல்கள் கொக்கி போல் மடங்கி நின்றுவிடும். ஜெர்மானிய ரண வைத்தியர் ஃபோல்க்மான் 1881ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்திருக்கிறார். மாவுக்கட்டை இறுக்கினாலும் இதே தீங்குதான். வலி குறையாமல் ஏறிக்கொண்டே போதல், விரலை நீட்டிவிட்டால் தாங்க முடியாத நோவு, மரமரப்பு ஆகியவை தோன்றினால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நம் உறுப்பினர் அரசினர் ஆஸ்பத்திரிக்கே சென்றார். மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை செய்து, எலும்பு ஒவ்வொன்றிலும் ஓர் உலோகப் பட்டையை வைத்துத் திருகாணிகளால் இறுக்கினார்கள். பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். காயமும் நன்றாகவே ஆறியது. அத்துடன் காரியம் முடிந்தது என்று அவர் எண்ணினார். உண்மையில் அப்போதுதான் தொடங்கியிருந்தது!

மறுநாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும், தூளியிலிருந்து கையை எடுத்து முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும் என்றெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். "ஆணி கழன்றுவிட்டால் என்ன செய்வதுங்க?" என்ற அச்சத்தால் அவர் கையைத் தூளியிலிருந்து எடுக்கவே இல்லை. பயிற்சிக்கு வாரம் இருமுறை வரச் சொன்னதற்கும் செல்லவில்லை; போக்குவரத்துச் செலவும், உடன் வருபவருக்கு ஒருநாள் கூலியும் யார் தருவது? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. இதற்கிடையே அண்டை வீட்டார் ஒருவர் அன்பு மிகுதியால் முழங்கையில் எண்ணெய் தடவி அழுத்தி நீவிவிட்டார். அடிபட்ட முழங்கையைச் சுற்றி இவ்வாறு அழுத்தி நீவினால், தசைக்குள்ளேயே எலும்பு படிந்து மூட்டு பூட்டிக்கொள்வதுண்டு. தெய்வாதீனமாக இவருக்கு அது நேரவில்லை.

ஆறாம் வாரம் காட்டச் சென்றபோது விரல்கள் முழுதும் மடங்கவில்லை. தோள் காதுக்கு மேலே எழவில்லை. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவே இல்லை. முறிந்தது முன்கை, பூட்டிக்கொண்டதோ தோளும் விரலும்!

இத்தகைய கேட்டைக் கண்டுதான் 1958இல் ஸ்விட்சர்லாந்தில் மாரிஸ் முல்லர் முதலிய ரண வைத்தியர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்த கைகால்களில் எலும்பு கூடியும் மூட்டு இறுகித் தசை வற்றிப் போவதை அவர்கள் கண்டார்கள். பட்டையும் திருகாணியும் எலும்பை உறுதியாகப் பிடித்துக்கொள்ள, மூட்டுகளை உடனே அசைக்கத் தொடங்குவதே அவர்கள் வகுத்த வழி. பட்டை வைத்ததே அசைப்பதற்காகத்தான். வைத்துவிட்டு அசைக்காதிருப்பது, தறியை வாங்கி மூலையில் சாத்தி வைப்பது போன்றது.

பயிற்சி அளித்த இளம்பெண்ணையும் நாம் கண்டோம். முதல் நாள் அவர், "அண்ணா, சங்கத்தில் கூலியை வாங்கும்போது கையை எப்படி நீட்டுவீர்கள்? அப்படித் திருப்புங்கள்" என்றாராம். நம்மவர் சிரித்துவிட்டாராம், ஆனால் கை பாதிகூடத் திரும்பவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி, கட்டை விரல் மேலே இருக்கும்படி வைத்து, உள்ளங்கையை வானம் பார்க்கவும் தரை பார்க்கவும் மெல்லத் திருப்ப வேண்டும். முடிந்தவரை திருப்பி, அங்கே சற்று நிறுத்த வேண்டும். விரல்களை முட்டியாக மடக்குவது, கட்டை விரலால் மற்ற விரல் நுனிகளைத் தொடுவது, சுவரில் விரல்களை நடத்தித் தோளை உயர்த்துவது ஆகியவை மற்றப் பயிற்சிகள். ஒவ்வொன்றும் பத்து முறை, நாளைக்கு ஐந்து தடவை. ஒரேயடியாக ஒருமணி நேரம் செய்து வீக்கத்தை வரவழைப்பதைவிடச் சிறுகச் சிறுகச் செய்வதே பயன் தரும். பிறர் கையைப் பிடித்து வலிந்து முறுக்குவது கூடவே கூடாது. அவருடைய மனைவி தறிக்கூடச் சுவரில் கரிக்கோட்டால் நாள்தோறும் விரல் எட்டிய இடத்தைக் குறித்து வைத்தார். அந்தக் கோடுகள் இன்னும் அழிக்கப்படாமல் இருக்கின்றன.

இருபது நாளில் விரல்கள் மடங்கின. வந்தது தீபாவளி. நெசவாளர் வீட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் எத்தகையவை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கை அசைகிறதே என்று ஒருநாள் அவர் தறியில் உட்கார்ந்து அரைநாள் நெய்துவிட்டார். இரவெல்லாம் வலி. மறுநாள் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்ததில் பட்டை வளையவில்லை. டாக்டர் மட்டும் கடிந்துகொண்டார். அசைவு வேறு, பாரம் வேறு. அங்குலத்துக்கு 40 ஊடை என்றால், 90 அங்குல விரிப்பு ஒன்றுக்கு நாடாக் கயிற்றை 3,600 முறை இழுக்க வேண்டும். கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி ஒடிப்பதை நாம் அறிவோம். எலும்பு கூடுமுன் பட்டையின்மீது பாரம் ஏற்றுவதும் அவ்வாறே. முன்கை எலும்புகள் கூட ஏறத்தாழ மூன்று நான்கு மாதங்கள் ஆகும். நாளைக் கணக்கிட்டால் போதாது; எக்ஸ்-ரே படத்தில் கூடியிருப்பதைக் கண்டு டாக்டர் சொன்ன பின்னரே குடம் தூக்குவதும், மண்வெட்டி பிடிப்பதும், தறி இழுப்பதும்.

உணவைப் பற்றியும் கேட்டோம். முட்டை, பருப்பு, நெத்திலிக் கருவாடு ஆகியவை நல்லவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அது நம் வீட்டுப் பானையிலேயே இருக்கிறது. பகலெல்லாம் தறிக்கூடத்தில் இருப்போர் வெயிலிலும் சிறிது நேரம் நிற்க வேண்டும். புகை பிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று கேட்டதும் நம்மவர் பீடியை விட்டுவிட்டார். இன்னும் விட்டபடியே இருக்கிறாரா என்று நாம் கேட்கவில்லை. சர்க்கரை நோயுள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் புண் ஆறுவதும் தடைப்படும். பட்டையை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தொந்தரவு தராவிட்டால் இருந்துவிட்டுப் போகலாம்.

சங்கத்தின் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று மாதம் தறி நின்றதால், அவருடைய பாவை வேறொருவருக்கு மாற்றிவிடலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நாமும் அதற்குத் தலையசைத்தவர்களே. ஒரு பாவு நிற்பதால் வரும் நட்டம் பதிவேட்டில் தெரிகிறது. ஒரு நெசவாளர் அஞ்சிப்போய்க் கை கூடுமுன் தறியில் உட்காருவதால் வரும் நட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பழைய உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அந்தத் தம்பிக்குத் தார் சுற்றும் வேலையாவது கொடுங்கள்" என்றார். ராட்டையை இடக்கையால் சுற்றி, வலக்கை விரல்களால் நூலை வழிநடத்துவது பாரமில்லாத வேலை. பயிற்சி அளித்த பெண்ணும் அதை ஒப்புக்கொண்டார். கூலி சிறிதுதான். ஆனால் அவர் காலையில் எழுந்து தறிக்கூடத்துக்குப் போனார்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில், தேவைப்படுவோர் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் அடங்கும். இதனை நம்மவருக்கு அப்போது எவரும் சொல்லவில்லை. உறுப்பினர்கள் தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

மார்கழிக் கடைசியில் எடுத்த படத்தில் எலும்புகள் கூடியிருந்தன. பொங்கல் கழிந்து, முதலில் அகலம் குறைந்த துண்டுகளை நெய்யத் தொடங்கினார்; ஒருமணி நேரம் நெய்வது, சற்று ஓய்வது. நாம் சென்ற அன்று விரிப்புத் தறியில் இருந்தார். முன்பு நெய்ததில் பாதிக்குச் சற்று மேலே நெய்வதாகச் சொன்னார். உள்ளங்கை இன்னும் முழுதும் மேலே திரும்பவில்லை. இரசத்தைக் கையில் ஏந்திக் குடிக்க முடியவில்லை என்பது ஒன்றே அவருடைய குறை. காப்பி கொண்டுவந்த மனைவி, "காலையில் சுவரில் கை வைத்தீர்களா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் நாடாவை நிறுத்திவிட்டு எழுந்து, கரிக்கோடுகளின் பக்கம் போனார்.