சக்கரத்தின் மேல் வீடு! சொந்தம் விட்டுப் போகுமா?

வீட்டுக்குச் சக்கரம் உண்டா? அமெரிக்காவில் உண்டு!

படுக்கை, அடுப்பு, குளியல் அறை எல்லாம் ஒரே வண்டிக்குள் இருக்கும். சிலர் இந்த வண்டி வீட்டைக் காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர், சொந்த வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் இதிலேயே வாழ்கிறார்கள். வீட்டு வாடகை கட்ட முடியாமல் இந்த வாழ்க்கைக்கு வந்தவர்களும் உண்டு. குளிர் காலத்தில் தெற்கே போவார்கள். கோடையில் வடக்கே திரும்புவார்கள்.

பெற்றோர் ஊர் ஊராகப் போகிறார்கள். பிள்ளைகளோ ஒரே ஊரில் இருக்கிறார்கள். "அம்மா இன்று எங்கே இருக்கிறாள்?" என்று மகள் கேட்டால், யார் பதில் சொல்வது?

விலாசம் எங்கே?

செல்போன் வருமுன் இது பெரிய கஷ்டமாக இருந்தது. அடுத்து எந்த ஊருக்குப் போகிறோம் என்று பெற்றோர் முன்கூட்டியே எழுதுவார்கள். பிள்ளைகள் அந்த ஊர்த் தபால் நிலையத்துக்குக் கடிதம் போடுவார்கள். அங்கே அதை எடுத்து வைத்திருப்பார்கள். பெற்றோர் நேரில் போய் வாங்கிக் கொள்ள வேண்டும். இந்த வசதி இன்றும் இருக்கிறது.

வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால்? கடிதம் ஓர் ஊரில். அதைப் படிக்க வேண்டியவர் வேறு ஊரில்!

ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதியும் இப்படி வண்டியில் வாழ்ந்தவர்கள்தான். 1978-ம் ஆண்டு அவர்கள் 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள லிவிங்ஸ்டன் என்ற சிறிய ஊர்தான் அதன் தலைமை இடம்.

அங்கத்தினர்களுக்கு வரும் தபாலை இந்தச் சங்கம் வாங்கி வைக்கிறது. அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே அனுப்பி வைக்கிறது. நாடெங்கும் சுற்றுகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தச் சிறிய ஊரே விலாசம்!

பேரனுக்கு மணி என்ன?

இப்போது செல்போனில் முகம் பார்த்தே பேசலாம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு.

அமெரிக்கா மிகப் பெரிய நாடு. கலிபோர்னியாவில் மாலை 6 மணி என்றால், நியூயார்க்கில் இரவு 9 மணி. தாத்தா ஆசையாகக் கூப்பிடும்போது பேரன் தூங்கியிருப்பான்! ஆகவே, தாத்தாவின் கடிகாரத்தைப் பார்க்காமல் பேரனின் கடிகாரத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

அவசரச் செய்தி

மலையிலும் பாலைவனத்திலும் பல இடங்களில் செல்போன் பேசாது. அந்த நேரத்தில் ஊரில் யாருக்காவது நோய் முற்றினால்?

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் புறப்படும் முன்பே போகிற வழி, தங்கும் இடம், மறுபடி பேசும் நாள் மூன்றையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார்கள். சொன்ன நாளில் பேச்சு வராவிட்டால், பிள்ளைகள் தேடத் தொடங்கலாம்.

முதுமை வந்தால்?

கண் மங்கினால் வண்டி ஓட்ட முடியாது. அப்படிப்பட்டவர்களுக்காக லிவிங்ஸ்டனில் ஓர் இல்லம் ஏற்பட்டது. தங்கள் வண்டியிலேயே வசித்துக்கொண்டு, சாப்பாடும் உதவியும் பெற அங்கே வழி செய்தார்கள். பிள்ளைகளும் நிம்மதி அடைந்தார்கள். அம்மா எங்கே என்று இனி தேட வேண்டாம் அல்லவா?

வீடு எங்கே வேண்டுமானாலும் நகரலாம். "கூப்பிட்டால் அம்மா பதில் சொல்வாள்" என்ற நம்பிக்கை மட்டும் நகரக் கூடாது!