கடைவாய்ப் பல்லுக்கு எந்தக் கிரவுன்?

தோட்டப்புறங்களில் பல்வலி ஏற்பட்டால் முதலில் கிராம்பு, பின்னர் வலிநிவாரண மாத்திரை, அதற்கும் அடங்காவிடின் பல்லைப் பிடுங்குவது என்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்துவருகின்றது. அரசாங்க வைத்தியசாலையில் பிடுங்குவதற்குக் கட்டணமில்லை. ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும். காப்பாற்றக்கூடிய பல்லும் இவ்வாறே போய்விடுகின்றது என்பதுதான் கவலைக்குரியது.

ஆழமாகச் சொத்தையான கடைவாய்ப் பல்லுக்கு நரம்புச் சிகிச்சை செய்த பின்னர் எஞ்சுவது பலவீனமான சுவர்களே. மெல்லும்போது அவை பிளந்துவிடாதிருக்கவே உறை போன்று கிரவுன் பொருத்தப்படுகின்றது. எதனைத் தெரிவு செய்வது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகின்றனர். விலை கூடியதும் வெள்ளையாக இருப்பதுமே சிறந்தது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. கடைவாய்ப் பல்லைப் பொறுத்தவரை இது சரியல்ல என்பதே நமது கருத்தாகும்.

நிக்கல், குரோமியம் கலந்த உலோகக் கிரவுன் மெல்லியது. எனவே இயற்கைப் பல்லைக் குறைவாகவே அராவ வேண்டியிருக்கும். அது எளிதில் உடைவதுமில்லை. நிறம் ஒன்றே குறை. கடைவாயில் அதனை யார் பார்க்கப் போகின்றார்கள்? மலிவான தோடு அணிந்தால் காது அரிப்பெடுப்பவர்கள் மட்டும் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிக்கல் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமற் போகலாம்.

உள்ளே உலோகமும் வெளியே பீங்கானும் கொண்ட கிரவுன் பார்வைக்கு அழகானது. ஆனால் மெல்லும் பரப்பில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வரை அராவ வேண்டும். அழுத்திக் கடித்தால் பீங்கான் சிதறலாம். முரசு இறங்கினால் ஓரத்தில் கருங்கோடு தெரியும். நீண்டகாலம் பாக்கு மென்றவர்களின் பற்கள் தேய்ந்து குட்டையாகியிருப்பதால், தடித்த கிரவுனுக்கு அங்கே இடமிருப்பதில்லை. வெள்ளை நிறம்தான் வேண்டுமெனின் சேர்க்கோனியா உறுதியானது. எனினும் விலை அதிகம்.

தங்கக் கலப்புலோகம் பற்களுக்கு மிகவும் இணக்கமானது. ஆண்கள் தங்கம் அணிவது இஸ்லாத்தில் விலக்கப்பட்டிருப்பதால் முஸ்லிம் வாசகர்களுக்கு இதில் ஐயம் எழலாம். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற நபித்தோழருக்குத் தங்க மூக்கு அனுமதிக்கப்பட்டதை ஆதாரமாகக் கொண்டு, தேவைக்காகத் தங்கப்பல் வைப்பதை மார்க்க அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். மாற்றுப் பொருட்கள் தாராளமாகக் கிடைக்கும் இன்று அக்கேள்வி எழும் சந்தர்ப்பமே குறைவு.

எந்தக் கிரவுனாயினும் அதற்குச் சொத்தை பிடிக்காதெனினும், அதன் விளிம்பிலுள்ள பல்லுக்குப் பிடிக்கும். வெற்றிலைப் பழக்கம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். பாக்கு புற்றுநோயை உண்டாக்குவது என சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 ஆம் ஆண்டின் வெளியீட்டில் வகைப்படுத்தியது. அது கன்னத்தின் உட்தசையை இறுகச் செய்து, வாயைத் திறக்க முடியாத நிலைக்கும் கொண்டுசெல்லும். அப்போது கடைவாய்க்குக் கருவியைக் கொண்டுபோவதே வைத்தியருக்குச் சிரமமாகிவிடும்.

கிரவுனுக்குப் பொதுவாகக் குறைந்தது இரு தடவைகள் செல்ல வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போய்வர, அச்சம்பளத்துடன் பஸ் கட்டணமும் போய்விடும். ஆகவே எத்தனை தடவைகள் வர வேண்டும், எந்த உலோகம் பயன்படுத்தப்படும், முரசுக்கு மேலே போதிய பல் எஞ்சியுள்ளதா என்பவற்றை முதல் நாளிலேயே கேட்டறிய வேண்டும். பல் முரசுக்குக் கீழே உடைந்திருந்தால், பிடுங்குவதே நல்லது என்று கூறும் வைத்தியரை நாம் நம்பலாம்.