செம்பரம்பாக்கத்துல அப்பா அம்மாவுக்கு ஒரு குட்டி வீடு: படியா, சாய்தளமா?

ரிட்டயர் ஆன அப்பா அம்மாவுக்கு பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் பக்கம் மனை வாங்கி, 500 சதுர அடியில தனியா ஒரு வீடு கட்டலாமான்னு யோசிக்கிறவங்களுக்கான எபிசோட் இது. (சின்ன வீடுன்னு சொல்ல வந்தேன். வேண்டாம், குட்டி வீடுன்னே வெச்சுக்குவோம்.)

இங்க முதல் சிக்கல் உயரம். செம்பரம்பாக்கம் ஏரியோட முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர்ல விநாடிக்கு 29,000 கன அடி திறந்தப்போ குன்றத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் என்ன ஆச்சுன்னு அங்க இருக்கிறவங்களைக் கேளுங்க. அதனால மேஸ்திரி, "பேஸ்மென்ட்டை மூணடி தூக்கிடலாம் சார்"னு சொன்னா அது நியாயம்தான்.

ஆனா மூணடின்னா ஆறு படி. மூட்டு தேய்ஞ்ச 70 வயசுல, பால் பாக்கெட் எடுக்க ஒரு தடவை, கீரைக்காரம்மா வந்தா ஒரு தடவைன்னு ஏறி இறங்கணும். கொஞ்ச நாள்ல வெளியே வர்றதே குறைஞ்சிடும்.

சரி, சாய்தளம் போடலாமா? வீல்சேர் ஏறணும்னா ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். மூணடிக்கு 36 அடி! 30-க்கு 40 மனையில ஒரு பக்கமே போயிடும். நாலடி அகலம்னா 144 சதுர அடி, நடுவுல நின்னு மூச்சு வாங்குற இடம் தனி. பலர் வீட்டை முடிச்சிட்டு, மிச்ச இடத்துல எட்டடியில ஒண்ணு போட்டுடறாங்க. அதுல பைக் ஏறும், வீல்சேர் ஏறாது. அதனால பிளான்ல முதல் கோடே சாய்தளமா இருக்கட்டும். 'எல்' மாதிரி மடிச்சுக்கலாம். பாத்ரூம் கதவும் மூணடி அகலம் இருக்கணும். மனையை மே மாசத்துல பார்க்காதீங்க, கார்த்திகை மழையில போய்ப் பாருங்க.

அனுமதி இப்ப பெரிய தலைவலி இல்ல. 2024 ஜூலையில வந்த சுயசான்றுத் திட்டத்துல, 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைன்லயே வாங்கிடலாம்.

பத்திரம்தான் கவனிக்கணும். அப்பாவோட பி.எஃப். பணத்துல மனை, லோன் பையன் பேர்ல, அதனால பத்திரமும் பையன் பேருக்கு செட்டில்மென்ட். இப்படித்தான் நிறைய வீட்டுல நடக்குது. நாளைக்குக் கவனிக்கலைன்னா, 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தோட 23-வது பிரிவுல ஆர்.டி.ஓ. தீர்ப்பாயத்துக்குப் போய் பத்திரத்தை ரத்து பண்ணக் கேட்கலாம். ஆனா பராமரிக்கணும்ங்கிற நிபந்தனை இருந்ததைக் காட்டணும்னு 2022-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. 2025 ஜனவரியில கொஞ்சம் தாராளமாப் பார்த்தாங்க. கோர்ட் வரைக்கும் போவானேன்? அந்த நிபந்தனையையும், ரெண்டு பேரோட ஆயுள்கால அனுபவ உரிமையையும் பத்திரத்துலயே எழுதச் சொல்லுங்க. பையன் நீங்கதான்னா, நீங்களே சொல்லி எழுத வைங்க. அப்பா கேட்க மாட்டார்.