நீலக்குருவியின் பெட்டியில் அடைக்கலக்குருவி

எமது வீடுகளில் அடைக்கலக்குருவி கூடு கட்டினால் நாம் அதைக் கலைப்பதில்லை. கூரை வளையில் இடம் இல்லையென்றால் ஒரு சிறு முட்டியையாவது கட்டித் தொங்கவிடுவோம். அதே குருவியை வட அமெரிக்காவில் பெட்டிகளிலிருந்து விரட்டப் பெரும்பாடு படுகிறார்கள்.

காரணம், அது அங்கு வந்தேறிய பறவை. 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து நியூயோர்க்கின் புரூக்ளினில் விட்டார்கள். தானியம் சிந்தும் இடமெல்லாம் அது பெருகியது. அந்நாட்டு நீலக்குருவிக்கோ கூடு வைக்கப் பொந்து வேண்டும். தானாகக் குடையத் தெரியாது. பட்ட மரங்களைத் தறிக்கத் தறிக்கப் பொந்துகள் குறைந்தன. மிஞ்சியவற்றை வந்த குருவி பிடித்துக்கொண்டது. 1934இல் இல்லினோய் மாநிலத்தின் குயின்சியில் தோமஸ் மசல்மன் என்பவர் நீலக்குருவிக்காக வீதியோரம் வரிசையாகப் பலகைப் பெட்டிகளை மாட்டினார். பின்னர் பலரும் அப்படிச் செய்தனர்.

ஆனால் வீடு கொடுத்ததும் குடியிருத்தியாகிவிடாது. இது எமக்குத் தெரியாததல்ல. நீலக்குருவி நுழையும் ஒன்றரை அங்குல வாசலால் அடைக்கலக்குருவியும் தாராளமாக நுழையும். நுழைந்தால் முட்டைகளைக் கொத்தி உடைக்கும். அடைகாக்கும் தாயையே கொன்று, அதன்மேல் கூடு கட்டுவதும் உண்டு.

ஆகவே பெட்டியை வீடு, மாட்டுக்கொட்டில், தானியக் களஞ்சியம் ஆகியவற்றுக்குத் தூரமாக, வெளியான புல்தரையில் சுமார் ஐந்தடி உயரத்தில் வைக்கிறார்கள். வாசலில் குந்துதடி வைப்பதில்லை. கிழமைக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறார்கள். காய்ந்த புல்லால் ஒழுங்கான கிண்ணம்போல் இருந்து, முட்டை வெளிர்நீலமானால் அது நீலக்குருவி. புல், இறகு, கடதாசி என்று கண்டதையும் திணித்து, வெண்முட்டையில் கபிலப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அடைக்கலக்குருவி. புள்ளி முட்டையிடும் உள்நாட்டுப் பறவைகளும் உண்டு. அவற்றைத் தொடுவது சட்டப்படி குற்றம். அதனால் பெட்டிக்கு வந்துபோகும் பறவையைக் கண்ணால் கண்ட பின்னரே கைவைக்க வேண்டும்.

கூட்டை மட்டும் அகற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். பெட்டியில் பற்றுள்ளது ஆண்குருவி. அது மறுபடி கட்டும், அல்லது பக்கத்துப் பெட்டியைத் தாக்கும். எனவே சிலர் முட்டைகளை நன்றாகக் குலுக்கி அப்படியே வைத்துவிடுகிறார்கள். குஞ்சு பொரியாது, குருவி வீணாக அடைகாக்கும். சிலர் பெட்டிக்குள் பொறி வைத்து ஆண்குருவியைப் பிடிக்கிறார்கள். வேறு பறவை அகப்பட்டுச் சாகக்கூடும் என்பதால் மணிக்கொரு தடவையாவது பொறியைப் பார்க்க வேண்டும்.

நீலக்குருவி முதல் முட்டை இட்டதும், பெட்டிக்கு மேலே மினுங்கும் பிளாஸ்ரிக் நாடாக்களைக் கூரையில் உரசும்படி தொங்கவிடுவது இன்னொரு வழி. முட்டையை விட மனமில்லாத தாய் அதற்குப் பழகிக்கொள்ளும். அடைக்கலக்குருவி மிரண்டு கிட்ட வராது. முட்டைக்கு முன்னரே கட்டினால் நீலக்குருவியும் போய்விடும்.

கிழமைதோறும் பார்க்க ஆளில்லாத பெட்டியைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது வாசலை அடைத்துவிடுகிறார்கள். அதில் பொரிக்கும் குருவிகள் அடுத்த வருடம் அயலிலுள்ள பெட்டிகளையும் தேடிவரும்.

இதைப் படித்துவிட்டு எமது முட்டிகளில் யாரும் கைவைக்க வேண்டாம். இங்கு அது நெடுங்காலமாக எம்மோடு வாழும் பறவை.