கோடை முடியும் ஏரியில் கெளுத்தி

குளத்தில் இறங்கிச் சுங்கான் மீனின் முள் குத்தி அழுத அனுபவம் நம்மில் சிலருக்கு இருக்கலாம். செதில் இல்லாத வழுவழுப்பான உடல், வாயைச் சுற்றி மீசை, செட்டையின் முன்புறத்தில் கூரிய முள். கடலில் பிடிபட்டுச் சந்தைக்கு வரும் கெளிறுக்கும் இதே அடையாளங்கள்தாம். இவற்றுக்கு உறவான கெளுத்திகள் சில வட அமெரிக்க ஏரிகளில் ஓர் ஆளின் எடைக்கு வளர்கின்றன. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வேர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களின் எல்லையிலுள்ள கெர் நீர்த்தேக்கத்தில் தூண்டிலில் அகப்பட்ட நீலக் கெளுத்தி ஒன்று 143 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 65 கிலோகிராம் எடையுடையதாக இருந்தது.

கெளுத்தி பிடிப்பவர்கள் அங்கு ஆவலோடு காத்திருக்கும் காலங்களில் ஒன்று, கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களாகும். அந்தக் காலத்துக்கு அப்படி என்ன சிறப்பு? விடையை மீனிடம் தேடுவதற்கு முன் நீரிடம் தேட வேண்டும்.

நீரின் அடுக்குகள்

கோடையில் வெயில் பட்டு ஏரியின் மேல்நீர் சூடாகிறது. சூடான நீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே அது மேலேயே மிதக்கும். அடியில் குளிர்ந்த, பாரமான நீர் தங்கிவிடும். இரண்டுக்கும் இடையே வெப்பநிலை சட்டென்று வீழ்ச்சியடையும் ஒரு மெல்லிய படை உண்டு. ஆழமான ஏரிகளில் இப்படை கோடை முழுவதும் ஒரு மூடியைப் போல இருந்து, மேல்நீரும் அடிநீரும் கலக்காதபடி தடுக்கிறது.

காற்றிலிருந்து கரையும் ஒட்சிசனும், பாசிகள் ஒளித்தொகுப்பின்போது வெளிவிடும் ஒட்சிசனும் மேல்நீரோடு நின்றுவிடுகின்றன. அடியில் படியும் இலைகளையும் இறந்த உயிர்களையும் பற்றீரியாக்கள் சிதைக்கும்போது, அங்கிருக்கும் ஒட்சிசனும் தீர்ந்துபோகிறது. கெளுத்தி அடியில் வாழும் மீன் என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஆயினும் மூச்சுவிட முடியாத ஆழத்தில் அது இருக்காது. எனவே கோடையின் முடிவில் ஏரியின் மிக ஆழமான இடத்தில் தூண்டிலைப் போடுபவர், மீனே இல்லாத இடத்தில் போடுகிறார் என்பதே உண்மை.

ஏரி புரளும் காலம்

இரவுகள் குளிரத் தொடங்கியதும் இந்த ஒழுங்கு மாறுகிறது. மேல்நீர் குளிர்ந்து பாரமாகிக் கீழே இறங்குகிறது. மேல், கீழ் வெப்பநிலைகள் நெருங்கி வரும்போது, பலமாக வீசும் காற்று ஏரி முழுவதையும் கலக்கிவிடுகிறது. இதனை ஏரியின் புரட்டு எனலாம்.

புரளும் நாட்கள் மீனுக்கும் மீன் பிடிப்பவருக்கும் நல்ல நாட்களல்ல. ஒட்சிசன் அற்ற அடிநீர் மேலே வந்து கலப்பதால் ஏரி முழுவதிலும் ஒட்சிசன் குறையலாம். ஐதரசன் சல்பைட்டு வாயுவால் அழுகிய முட்டை நாற்றமும் எழுவதுண்டு. மாற்றம் திடீரென நிகழ்ந்தால் மீன்கள் கூட்டமாக இறந்து மிதக்கும். கலங்கல் அடங்கியதும் மேற்பரப்பிலிருந்து அடிவரை ஒட்சிசன் பரவிவிடும். கோடை முழுவதும் பூட்டிக் கிடந்த ஆழத்தின் கதவு அப்போதுதான் மீன்களுக்குத் திறக்கிறது.

இரை போகும் வழியே

இதே காலத்தில், நமது சூடை, சாளை ஆகியவற்றுக்கு உறவான ஷாட் என்னும் சிறு மீன்கள் கூட்டங்கூட்டமாக ஏரியின் கிளைகளுக்குள் நகர்கின்றன. குளிர்காலம் நெருங்குவதால் கெளுத்திகளும் அவற்றைப் பின்தொடர்ந்து மும்முரமாக இரை தேடுகின்றன.

கலங்கிய நீரிலும் இரவிலும் கெளுத்தி இரையைக் கண்டுபிடிப்பது எப்படி? நமக்குச் சுவை அரும்புகள் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே உண்டு. கெளுத்திக்கோ அவை மீசையில் மட்டுமல்லாது உடலெங்கும் பரந்திருக்கின்றன. வாய்க்காற் கெளுத்தி எனத் தமிழில் சொல்லத்தக்க இனத்தில் இவற்றின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தையும் தாண்டும். உடல் முழுவதுமே நாக்கு என்று சொன்னாலும் தவறில்லை. அதனாலேயே புதிதாக வெட்டிய ஷாட் துண்டு சிறந்த இரையாகிறது. அதிலிருந்து கசியும் இரத்தமும் எண்ணெயும் நீரில் பரவி மீனை அழைத்து வருகின்றன. ஆனால் தட்டைத்தலைக் கெளுத்தி பெரும்பாலும் உயிருள்ள மீனையே விரும்பும்.

தூண்டில் கட்டும் முறையும் எளிதானது. ஈயக்குண்டு தங்கூசியில் வழுக்கி ஓடும்படி கோக்கப்படும். மீன் இரையை இழுக்கும்போது குண்டின் பாரம் அதற்குத் தெரியாது. முனை உட்புறமாக வளைந்த வட்டத் தூண்டிலைப் பலர் பயன்படுத்துகின்றனர். இதைப் போட்டவர் மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மீன் திரும்பி நீந்தும்போது தூண்டில் தானாகவே வாயோரத்தில் கொளுவிக்கொள்ளும். மீன் அதனை விழுங்கிக் குடல் கிழிவது இதனால் குறைகிறது.

பெரிய மீனை என்ன செய்வது?

இங்குதான் பிடிப்பவர் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கிறது. சிறிய கெளுத்தி சுவையான உணவு. பெரியதோ பல ஆண்டுகள் வாழ்ந்தது. நீலக் கெளுத்தி 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நீண்ட காலம் பிற மீன்களைத் தின்று வளர்வதால் அதன் உடலில் இரசம் போன்ற நச்சுகள் சேர்ந்திருக்கலாம். அதனைக் கொன்றால் உணவாகவும் பெரிதாகப் பயன்படாது. அந்த இடத்தை நிரப்ப ஏரிக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும்.

டெக்சாஸ், ஒக்லகோமா எல்லையிலுள்ள டெக்சோமா ஏரியில் 2004 ஜனவரியில் 121.5 இறாத்தல் எடையுள்ள நீலக் கெளுத்தி ஒன்று பிடிபட்டது. அன்று அதுவே உலக சாதனை. அதனைக் கொல்லாமல் டெக்சாஸ் மாநிலத்தின் நன்னீர் மீன்வள நிலையத்துக்கு உயிரோடு கொண்டு சென்றார்கள். 'ஸ்பிளாஷ்' என்று பெயர் பெற்ற அம்மீனை, 2005 டிசெம்பரில் அது இறக்கும் வரை மக்கள் கண்ணாடித் தொட்டியில் கண்டு வியந்தனர்.

நமது குளங்களில்

நமக்கு இலையுதிர் காலம் இல்லை. நமது குளங்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. காற்றே அவற்றை அடிக்கடி கலக்கிவிடும். ஆனால் அதே செப்டெம்பரில் உலர் வலயக் குளங்கள் வற்றிச் சுருங்குகின்றன. சூடான நீரில் ஒட்சிசன் குறைகிறது. சுங்கானோ மேலே வந்து காற்றைச் சுவாசித்துச் சேற்றுநீரிலும் தாக்குப்பிடிக்கிறது. வடகீழ்ப் பருவமழை பெய்ததும் முட்டையிட்டுப் பெருகப் போவது அப்படிப் பிழைத்த மீன்களே.

வற்றிய குளத்தில் மீன் பிடிப்பது மிக இலகு. ஒரு வலையில் எல்லாவற்றையும் வாரிவிடலாம். அள்ளுவது எவ்வளவு, மழைக்கு விட்டுவைப்பது எவ்வளவு என்பதை அந்த வேளையில் குளக்கரையில் நிற்பவரே முடிவு செய்கிறார். அடுத்த ஆண்டு அக்குளத்தில் மீன் இருப்பதும் இல்லாமற் போவதும் அவர் கையில்தான் இருக்கிறது.